கட்டும்போது ஏழு, பூசும்போது எட்டு

"எட்டு" என்றாள் அங்கம்மா.

மண் தரையில் அவள் முன்னால் மானாப்புல் தண்டுகள் கிடந்தன. எல்லாம் ஒரே நீளத்துக்கு நறுக்கியவை. ஒரு தண்டு ஒரு சுவர் என்று, நாலு தண்டை வைத்து ஒரு கட்டம் போட்டிருந்தாள். அது ஒரு காம்பரா. தோட்டத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் அறைக்கு அதுதான் பெயர். அதை ஒட்டி வலப்பக்கத்தில் இன்னொரு காம்பரா. இரண்டுக்கும் நடுவில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே தண்டு வைத்திருந்தார்கள். அவள் மட்டும் இரண்டு தண்டுகளை நெருக்கி வைத்திருந்தாள்.

"ஏழுடி! நடுவுல ஒண்ணுதான்!" என்று பையன்கள் கத்தினார்கள்.

"எட்டு" என்றாள் மறுபடியும். குரல் எழும்பவில்லை. கையும் பின்வாங்கவில்லை.

வாசலில் அவளுடைய தாய் பொன்னாயி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை. தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஒரே காரியத்துக்காக. இந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஏறுகிறதா, அல்லது மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போய்ப் புல்வெட்டும் ஆட்களோடு நிறுத்திவிடலாமா என்று தன் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வந்திருந்தாள்.

அவள் வாத்தியாரான என்னைப் பார்த்தாள். நான் தண்டுகளைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். எட்டுதான் இருந்தன.

அச்சுக்கோப்பவருக்கு ஒரு வார்த்தை

மேலே போகுமுன் ஒரு முறையீடு. சென்ற இதழில், நான் படித்த பள்ளியின் விறாந்தையில் பதினாறு தூண்கள் என்று எழுதியிருந்தேன். அறுபத்தொன்று என்று அச்சாகிவிட்டது. அறுபத்தொரு தூண் இருந்தால் அது பள்ளிக்கூடம் அல்ல, கோயில் மண்டபம். இந்த வாரம் கதையே எண்ணிக்கையில்தான் நிற்கிறது. ஆகையால் எண்களையெல்லாம் எழுத்திலேயே எழுதி அனுப்புகிறேன். தயவுசெய்து ஏழை ஏழாகவும் எட்டை எட்டாகவும் விட்டுவிட வேண்டும்.

எண்ணுவது எனக்கு ஒரு வியாதி என்று என் மருமகள் சொல்கிறாள். இருக்கலாம். இதை எழுதும் மேசையிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுக் கூரையில் உடைந்த ஓடு ஒன்பது தெரிகிறது. போன மழைக்கு ஏழுதான் இருந்தது. அந்த வீட்டுக்காரர் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. அவருக்கும் சேர்த்து நான் கவலைப்படுகிறேன்.

வியாதியோ என்னவோ, அது தொற்றிய இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சவர்க்காரக் கோபுரம்

பதுளைக்கு அப்போது ரயில் வந்து சேரவில்லை. சாமான் எல்லாம் பண்டாரவளையிலிருந்து மாட்டுவண்டியில் வரும். கடைவீதியில் காசிம் நானாவின் கடையில் என் தகப்பனார் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய் ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கணக்கு என்பது வாயால் செய்கிற வேலை. ஓரொண்ணு ஒண்ணு என்று தொடங்கி ராகம் போட்டுச் சொல்லவேண்டும். ராகம் தப்பினால் பிரம்பு. எனக்கு ராகம் வராது. அதனால் கணக்கும் வராது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

காசிம் நானாவுக்கு ஒரு பழக்கம். துணி துவைக்கும் சவர்க்காரப் பெட்டியை உடைத்ததும் கட்டிகளை முகப்பில் கோபுரமாக அடுக்குவார். அடியில் ஐந்து, அதன்மேல் நாலு, பிறகு மூன்று, இரண்டு, உச்சியில் ஒன்று. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மகன், இந்தக் கோபுரத்த இன்னும் கொஞ்சம் உசத்தோணும். எத்தின கட்டி வேணும்?"

"ஒண்ணு" என்றேன். உச்சியில் வைத்தால் போதும் என்று நினைத்தேன்.

அவர் உச்சிக் கட்டியின் மேல் இன்னொரு கட்டியை வைத்தார். அது ஆடி ஆடி என் மடியில் விழுந்தது. கடை முழுவதும் சிரித்தது. நானா மட்டும் சிரிக்கவில்லை.

"உசத்துறதெண்டா மேல வெக்கிறதில்ல. அடியில ஒரு வரி கூட்டோணும். அடியில எத்தின வேணுமெண்டு பாரு."

பார்த்தேன். அடியில் ஐந்து. அதைத் தாங்க ஆறு. அதற்கும் கீழே இன்னொரு வரி வேண்டுமானால் ஏழு. ஒவ்வொரு தரமும் கூட்டவேண்டிய தொகையே ஒன்று கூடிக்கொண்டு போகிறது! ராகம் இல்லை, பிரம்பு இல்லை. கண்ணுக்கு முன்னால் சவர்க்கார வாசனையோடு கணக்கு நின்றது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வரி இருந்தால் எத்தனை கட்டி என்று கூட்டிக்கொண்டே இருந்தேன். ஐம்பத்தைந்து.

காசிம் நானாவுக்கு நான் பட்ட கடன்களில் இது ஒன்றுதான் கணக்குப் புத்தகத்தில் ஏறாதது. அவர் நல்லடக்கமான இடத்துக்கு இன்றைக்கும் பெருநாளுக்குப் பெருநாள் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

அரைப்பேர்

வாலிப வயதில் எனக்குக் கிடைத்த வேலை, அப்புத்தளைக்கும் ஹல்துமுல்லைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் வாத்தியார் உத்தியோகம். தோட்டத்தின் பதிவுப் பெயர் வேண்டாம். சனங்கள் அதைக் காத்துமலை என்றார்கள். அந்தப் பெயரை வைத்தவர் பொய் சொல்லவில்லை, காற்று ஓயவே ஓயாது. காலையில் மேகமில்லாவிட்டால் தெற்கே கீழ்நாடு முழுவதும் பாய் விரித்தாற்போலத் தெரியும். மத்தியானமானால் பக்கத்தில் நிற்கும் ஆளின் முகமே தெரியாது.

பள்ளிக்கூடம் என்று தனியாகக் கட்டடம் கிடையாது. வரிசையாக ஒட்டி நிற்கும் பத்துக் காம்பரா கொண்ட ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவைக் காலிசெய்து கொடுத்திருந்தார்கள். மற்ற ஒன்பதிலும் குடும்பங்கள். குச்சியை நட்டு மண் அப்பிய சுவர்கள். பக்கத்துக் காம்பராவில் மிளகாய் அரைத்தால் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தும்முவோம்.

முதல் நாள் ஒரு பையனை எழுப்பி, "உன் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னும் பேர் இல்லீங்கய்யா" என்றான். "அடுத்த வருசம் அரைப்பேர் போடுவாங்க. எங்கண்ணனுக்கு முழுப்பேர்."

பெயரில்லாத பிள்ளையா என்று நான் திகைத்துப்போனேன். பிறகுதான் விளங்கியது. அங்கே பேர் என்றால் ஒருநாள் வேலை. பெரியவர்களுக்கு முழுப்பேர், பிள்ளைகளுக்கு அரைப்பேர். கூப்பிடுகிற பெயரைக் கேட்கவேண்டுமானால், "உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்கவேண்டும். அவனை முத்து என்று கூப்பிடுவார்கள். நல்ல கெட்டியான குரல். வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினால் பெரட்டுக்களம் வரைக்கும் கேட்கும்.

முத்துவின் வீட்டுக்கு அடுத்த காம்பராதான் அங்கம்மாவின் வீடு. அவளுக்கு ஒன்பது வயதோ பத்தோ இருக்கும். தகப்பன் மொனராகலைப் பக்கம் ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. தாய் பொன்னாயி ஒருத்தியின் பேரில் மூன்று வயிறு நிறையவேண்டும்.

அங்கம்மா வாய் திறக்க மாட்டாள். வகுப்பு முழுவதும் வாய்ப்பாட்டைக் கத்தும்போது அவள் உதடு மட்டும் அசையும், சத்தம் இருக்காது. இது என் காதுக்குத் தெரிந்ததைவிடப் பொன்னாயியின் காதுக்கு நன்றாகத் தெரிந்தது. ஏனென்றால் சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கம் முத்து ஏழாம் வாய்ப்பாட்டை முழங்குவான். சுவருக்கு இந்தப் பக்கம் அங்கம்மா சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒரு சனிக்கிழமை பொன்னாயி வழியில் என்னை நிறுத்தினாள்.

"வாத்தியாரய்யா, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த வீட்டுப் பய படிக்கிறது எனக்கே மனப்பாடமாயிருச்சு. நம்ம பிள்ளை வாயில ஒண்ணும் வரல. ஏறாத பிள்ளைய எதுக்கு ஒக்கார வைக்கிறது? அரைப்பேர் போடுறேன்னு கங்காணி சொல்றாரு."

"கங்காணி கட்டாயப்படுத்துறாரா?"

"அவரு என்ன கட்டாயப்படுத்துறது? படிக்கிற பிள்ளைன்னா கைய வைக்க மாட்டேன்னுதான் சொல்றாரு. படிக்குதான்னுதானே நான் ஒங்ககிட்ட கேக்குறேன்?"

நியாயமான கேள்வி. "நாளைக்குப் பெரட்டு இல்லையே, பள்ளிக்கூடத்துக்கு வாங்கம்மா. நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு இரவெல்லாம் கவலைப்பட்டேன். அந்த வயதிலேயே நான் நன்றாகக் கவலைப்படுவேன்.

மிதந்த கொட்டைகள்

அப்படி வாக்குக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லத் தேயிலைக் கொட்டையிலிருந்து தொடங்கவேண்டும்.

நாற்றுமேடைக்குப் போகும் கொட்டைகளை முதலில் தண்ணீரில் போடுவார்கள். அமிழ்ந்தது நல்லது. மிதந்ததை அள்ளி வீசிவிடுவார்கள். அப்படி வீசியதை ஒரு தகரம் நிறையக் கேட்டு வாங்கிவந்து தரையில் கொட்டினேன். வாய்ப்பாட்டை அன்றைக்கு நிறுத்தி வைத்தேன்.

ஒரு கொட்டையை வைத்தேன். அதன்கீழ் இரண்டு. அதன்கீழ் மூன்று. "அடுத்து என்ன?" என்று மட்டும் கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது வாத்தியார்களுக்கு எவ்வளவு கடினம் என்பது வாத்தியார்களுக்குத்தான் தெரியும். நாக்கு நுனியில் விடை துடிக்கும்.

பிள்ளைகள் நாலு வைத்தார்கள், ஐந்து வைத்தார்கள். மொத்தத்தை எண்ணச் சொன்னேன். ஒன்று, மூன்று, ஆறு, பத்து, பதினைந்து.

"எவ்வளவு கூடுது?"

"மொதல்ல ரெண்டு கூடுச்சு. பொறவு மூணு. பொறவு நாலு." முத்து தலையைச் சொறிந்தான். "ஐயா, கூடுறதே கூடுதுங்கய்யா!"

கூடுறதே கூடுது. காசிம் நானாவின் கடையில் எனக்கு வார்த்தை கிடைக்காமல் போன விஷயத்தை அந்தப் பையன் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டான். அன்று முழுவதும் பிள்ளைகள் அதையே சொல்லிக்கொண்டு லயத்தைச் சுற்றி ஓடினார்கள்.

அடுத்த நாள் சதுரம். ஒரு கொட்டை. பிறகு இரண்டுக்கு இரண்டாக நாலு. பிறகு மூன்றுக்கு மூன்று. சதுரத்தைக் கலைக்காமல் பெரிதாக்குங்கள் என்றேன். எல்லாரும் கலைத்துவிட்டுப் புதிதாக அடுக்கினார்கள். அங்கம்மா கலைக்கவில்லை. நாலு கொட்டைச் சதுரத்தின் வலப்பக்கமாக இறங்கி, மூலை திரும்பி, கீழ்ப்பக்கமாக ஒரு வரிசை வைத்தாள். ஐந்து கொட்டைகள். ஒன்பதாயிற்று. மறுபடியும் அதே மாதிரி வெளியே சுற்றி ஏழு. பதினாறாயிற்று.

நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். "இது என்ன செய்றே?"

அடுத்த கொட்டையை வைத்துக்கொண்டே சொன்னாள். "கம்பளி போத்துறேன்."

குளிருக்கு ஒரு பக்கத் தோளில் தொடங்கி மறுபக்கம் இழுத்துவிடும் கம்பளி. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு கம்பளி. ஒவ்வொரு கம்பளியும் முந்தியதைவிட இரண்டு கொட்டை நீளம். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. இந்தப் பெண்ணுக்கா படிப்பு ஏறவில்லை? வாயில் வரவில்லை, அவ்வளவுதான். கையில் வருகிறது.

ஆனால் மலையில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வரும் தாயிடம் போய், "உங்கள் மகள் கொட்டைக்குக் கம்பளி போர்த்துகிறாள்" என்று எப்படிச் சொல்வது? பொன்னாயிக்குத் தெரிந்த ஒரு பொருளைக் கொண்டுதான் காட்டவேண்டும். அப்படித்தான் எனக்கு லயம் நினைவுக்கு வந்தது.

ஒரு காம்பராவுக்கு நாலு சுவர். இரண்டு காம்பரா ஒட்டி நின்றால் ஏழு. மூன்று என்றால் பத்து. முதல் காம்பராவுக்கு நாலு, பிறகு மூன்று மூன்றாகக் கூடும். தாய் கேட்கும்போது மகள் சொல்வாள், தாய் மகிழ்வாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நான் போட்ட திட்டம் இதுதான். மானாப்புல்லை நறுக்கும்போது, இது தப்பாது என்றே நினைத்தேன்.

ஆணி

திட்டம் தப்பியதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். அங்கம்மா எட்டு என்றாள்.

பொன்னாயியின் முகம் மாறிவிட்டது. அவளுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க முத்துவின் தாய் ராக்காயியும் வந்து நின்றிருந்தாள். அது இன்னும் சங்கடம். இரண்டு பெண்களுக்கும் பல நாளாகப் பேச்சு இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பியதில்லை.

"எங்க முத்து ஏழுங்கிறான்" என்றாள் ராக்காயி, யாரையும் பார்க்காமல்.

"கேட்டேன்" என்றாள் பொன்னாயி, அவளும் யாரையும் பார்க்காமல். பிறகு என்னிடம், "போதுங்கய்யா. நாளைக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

தப்பு என்று சொல்ல என் வாய் திறந்தது. அந்த நேரத்தில், காசிம் நானாவின் கடையில் என் மடியில் விழுந்த சவர்க்காரக் கட்டி நினைவுக்கு வந்தது. வேறு வார்த்தை சொன்னேன். "கொஞ்சம் இருங்கம்மா. அங்கம்மா, ஏன் எட்டு? காட்டு."

அவள் நடுவில் நெருக்கி வைத்த இரண்டு தண்டுகளையும் தொட்டாள். "இது எங்க செவுரு. இது ராக்காயி அத்தை செவுரு."

"ரெண்டும் ஒண்ணுதானடி!" என்றான் முத்து.

"இல்ல. அம்மா ஆணி அடிச்சப்ப அத்தை வந்து, 'என் செவுத்துல எதுக்குடி ஆணி அடிச்சே'ன்னு கேட்டாங்க. அம்மா, 'என் பக்கம் என் செவுரு, ஒன் பக்கம் ஒன் செவுரு'ன்னு சொன்னாங்க." அவள் தாயை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ரெண்டு செவுருதானேம்மா?"

கைப்பிள்ளை கம்பளியைச் சப்பிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பொன்னாயி ஈரக் கம்பளியைத் தொங்கவிட ஓர் ஆணி அடித்திருக்கிறாள். மெல்லிய மண் சுவர். ஆணியின் முனை அந்தப் பக்கம் ராக்காயியின் சாமி மாடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதிலிருந்துதான் பேச்சு நின்றுபோயிருக்கிறது.

"பாருங்கய்யா, இவ சொன்னத இவ பிள்ளையே எடுத்துச் சொல்லுது!" என்றாள் ராக்காயி. "ரெண்டு செவுருன்னா இவ ஆணி எப்படி என் வீட்டுக்குள்ள வந்துச்சு?"

"ஒரு செவுருன்னா அது உன் செவுருன்னு எப்படி சொன்னே?" என்றாள் பொன்னாயி.

"அப்ப ஒண்ணுதான்னு ஒத்துக்கிறியா?"

"நீ ரெண்டுன்னு ஒத்துக்கிறியா?"

மழைக்கு ஒதுங்கியிருந்த லயத்துச் சனம் எல்லாம் வாசலில் கூடிவிட்டது. ஆண்கள் ஒரு சுவர் என்றார்கள். பெண்கள் இரண்டு என்றார்கள். "கட்டுன எங்களுக்குத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார். "வருசா வருசம் தீவாளிக்குச் சுண்ணாம்பு பூசுறது யாரு, நீங்களா?" என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள். "ராக்காயி பூசுனா பொன்னாயி வீடு வெள்ளையாயிருமா?"

அங்கம்மா தண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிலிருந்த இரண்டில் ஒன்றை எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஐயா" என்றாள். "கட்டுறப்ப ஏழு. பூசுறப்ப எட்டு."

இந்தத் தடவை அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது.

காற்றுக்கு ஒரு சுவர்

அதன்பிறகு கேள்வி கேட்டது நான் அல்ல. பொன்னாயி உள்ளே வந்து மகளின் எதிரில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் இறக்கினாள்.

"அப்ப நம்ம லயத்துக்கு எத்தனைடி? பத்துக் காம்பரா இருக்கே."

முத்து தண்டுகளை அள்ளி வரிசையாக வைக்க ஆரம்பித்தான். ஆறாவது காம்பராவில் தண்டு தீர்ந்துபோயிற்று. அங்கம்மா வைக்கவே இல்லை. விரலால் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கட்ட முப்பத்தொண்ணு. பூச நாப்பது."

"எப்படிடி?"

"பூசுறது வீட்டுக்கு நாலு. பத்து வீட்டுக்கு நாப்பது. கட்டுறது, மொத வீட்டுக்கு மட்டும் நாலு. அப்புறம் வர்றவங்களுக்கு மூணு மூணு போதும். ஒரு செவுத்த அடுத்த வீட்டுக்காரங்க குடுத்துர்றாங்க."

"நான் எப்படி குடுத்தேன்?" என்று ராக்காயி பதறிக் கேட்டாள். வாசலில் ஒரே சிரிப்பு. பொன்னாயியும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நம்பாதவர்கள் எழுந்து வெளியே போனார்கள். தூறலில் லயம் முழுவதையும் எண்ணினார்கள். முன்சுவர் பத்து. கதவு இருந்தாலும் சுவர் சுவர்தான் என்று தீர்ப்பாயிற்று. பின்சுவர் பத்து. குறுக்குச் சுவர்களை ராக்காயி வீடு வீடாக நுழைந்து எண்ணிவந்தாள். "பத்து! மொத்தம் முப்பது. பிள்ளை தப்பு" என்றாள்.

அங்கம்மா ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்தின் கோடிச் சுவரில் கையை வைத்தாள். "இத விட்டுட்டீங்க அத்தை. வாத்தியாரய்யாவுக்கு அந்தப் பக்கம் வீடு இல்ல, காத்துதான்."

முப்பத்தொன்று.

பொன்னாயி சுவரை ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். "ஒக்காரட்டுங்கய்யா. அரைப்பேருக்கு என்ன அவசரம்? நான் இன்னும் ஒரு மூச்சு சேர்த்துக் கொழுந்து எடுத்துக்கிறேன்." எடுத்துக்கொண்டாள் என்பதை நான் அறிவேன். அந்த வருஷம் முழுவதும் கடைசியாக மலையிலிருந்து இறங்குகிறவள் அவளாகத்தான் இருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஊரில் பேசினார்கள். அதற்கு விலை கொடுத்தவள் பொன்னாயி. அவளுக்கு என் வணக்கத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

படி இறங்கும்போது அவள் ராக்காயியிடம் கேட்டாள். "அக்கா, அந்த ஆணியப் பிடுங்கிரட்டுமா?"

"இருக்கட்டும் விடு" என்றாள் ராக்காயி. "அந்த மொனையிலதான் நான் இப்ப சாமிக்கு பூ மாட்டுறேன்."

இரட்டை லயம்

அங்கம்மா ஒரு வருஷம் அல்ல, இரண்டு வருஷம் உட்கார்ந்தாள். பிறகு வாய்ப்பாட்டுக்கும் அவளுக்கு வாய் வந்தது. லயத்துக்கு வரும் கடிதாசிகளைப் படித்துச் சொல்லும் அளவுக்கு எழுத்தும் வந்தது. அதன்பிறகு எல்லாரையும் போலக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். வேறுமாதிரி எழுதினால் வாசகர்கள் மகிழ்வார்கள். ஆனால் நடந்தது இது.

சில வருஷங்கள் போயின. தோட்டத்தில் புதுமாதிரி லயம் கட்டினார்கள். காம்பராக்கள் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும் இரட்டை லயம். அன்று பொன்னாயியின் இடுப்பிலிருந்த கைப்பிள்ளை சின்னாத்தா அப்போது என் பள்ளியில் முதல் வகுப்பு. ஒருநாள் காலையில் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஐயா, எங்கக்கா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. ரெட்ட லயத்துல மொத சோடிக்கு ஏழாம். அப்புறம் சோடிக்கு அஞ்சஞ்சாம்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். நான் தண்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் சோடிக்கு ஏழு. இரண்டு சோடிக்குப் பன்னிரண்டு. மூன்றுக்குப் பதினேழு. மூன்று தரம் எண்ணினேன், என் சுபாவம் அது. சரியாகவே இருந்தது.

நான் கேட்காத கணக்கு. இரண்டு கையும் கொழுந்தில் இருக்க, தண்டும் கொட்டையும் இல்லாமல், மலையில் நின்றபடி அவள் தானாகப் போட்டுப் பார்த்த கணக்கு. அதை என்னிடம் சொல்லி அனுப்பவேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என் உத்தியோக காலத்தில் எனக்கு ஒரு மணிக்கூடு பரிசு கிடைத்தது, ஒரு மாலை கிடைத்தது. அவற்றை இதன் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

மறுநாள் சின்னாத்தாவிடம், "பூசுறதுக்கு எவ்வளவுன்னு உங்கக்காகிட்ட கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்கடுத்த நாள் காலையில் நனைந்துகொண்டே வந்தாள்.

"எப்படி ஒட்டிக் கட்டுனாலும் உள்ள இருக்கிறவங்களுக்கு நாலுதானாம், அது மாறாதாம். இதக்கூடவா ஐயா கேக்குறாருன்னு அக்கா ஒரே சிரிப்பு."